டிம்மர் வைத்தால் மின்சாரம் மிச்சமாகுமா? வீட்டு மீட்டரைக் கொண்டு செய்து பார்த்த கணக்கு

விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர், மின்கட்டணத்தையும் குறைக்குமா என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் இரண்டு விடைகள் கிடைக்கும். குமிழைப் பாதியளவு திருப்பினால் மின்சாரமும் பாதிதான் செலவாகும் என்பது வாங்குகிறவர்களின் நம்பிக்கை. "எவ்வளவு குறைச்சு வெச்சாலும் மீட்டர் அதேதான் சார் ஓடும், மிச்சம் எல்லாம் ரெகுலேட்டர்ல சூடாப் போயிடும்" என்பது வயரிங் பார்க்க வந்த எலக்ட்ரீஷியனின் தீர்ப்பு. கூடத்து விளக்குகளுக்கு டிம்மர் பொருத்தும் வேலையைத் தொடங்கியிருந்த நேரம் அது. ஆகவே பொருத்துவதற்கு முன்பே இந்த இரண்டு விடைகளையும் அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மீட்டரே அளவுகருவி

மின்சாரத்தை அளக்கத் தனியாகக் கருவி எதையும் வாங்கவில்லை. மின்வாரியம் பொருத்தியிருக்கும் மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை சிமிட்டும் என்பது அருகிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் மீட்டரில் அந்த எண் 3200. மீட்டருக்கு மீட்டர் இது மாறும் என்பதால் செய்து பார்க்க விரும்புபவர்கள் தங்கள் மீட்டரின் முகப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அதை 3200 ஆல் வகுத்தால் ஒரு சிமிட்டலுக்கு 1125 ஜூல் வருகிறது. ஆகவே ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் இடையில் கழியும் விநாடிகளை அளந்து, 1125ஐ அந்த எண்ணால் வகுத்தால் வீடு அப்போது எத்தனை வாட் இழுக்கிறது என்பது தெரிந்துவிடும். பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து 11250ஐ வகுத்தால் கை தடுமாறுவதால் வரும் பிழையும் குறையும்.

இதற்கு ஒரே நிபந்தனை, சோதிக்கும் விளக்கைத் தவிர வீட்டில் வேறெதுவும் ஓடக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியையும் தொலைக்காட்சியையும் அணைக்க எல்லோருக்கும் நினைவிருக்கும். மறந்துபோவது இன்வெர்ட்டரைத்தான், பேட்டரி நிறைந்திருந்தாலும் அது தனக்கென்று சிறிது மின்சாரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். எல்லாவற்றையும் எம்சிபி (மின்பெட்டியில் உள்ள பாதுகாப்பு ஸ்விட்ச்) மட்டத்தில் அணைத்துவிட்டு, மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே சோதனைக்கான விளக்கைப் போட்டேன். நேரமும் முக்கியம். மாலை வேளையில் மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 230 வோல்ட் 220 ஆகக் குறைந்தாலே 60 வாட் குண்டு பல்பு 56 வாட்டுக்கு வந்துவிடும். அதனால் மல்டிமீட்டரில் 230க்கு அருகில் அழுத்தம் நிலையாக நிற்கும் பின்னிரவில்தான் எல்லா அளவீடுகளையும் எடுத்தேன்.

வெளிச்சத்தை அளக்கக் கைபேசியில் உள்ள ஒளி உணரியையும் அதற்கான செயலியையும் பயன்படுத்தினேன். அது காட்டும் லக்ஸ் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் கைபேசியையும் விளக்கையும் இடம் மாற்றாமல் வைத்து, திரைச்சீலைகளை மூடிவிட்டால், ஒரு நிலைக்கும் இன்னொரு நிலைக்கும் உள்ள விகிதத்தை அறிய அது போதும். எனக்கு வேண்டியிருந்ததும் விகிதம் மட்டும்தான்.

முதலில் குண்டு பல்பையே எடுத்துக்கொண்டேன். இன்று அதைக் கடையில் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்றாலும், டிம்மர் பற்றிய நம்பிக்கைகள் அனைத்தும் அதன் காலத்தில் பிறந்தவை. டிம்மர் இல்லாமல் 60 வாட் பல்பை நேரடியாகப் போட்டபோது பத்து இடைவெளிகளுக்கு 188 விநாடிகள் ஆயின; அதாவது 59.8 வாட். மீட்டரும் பல்பின் மேல் அச்சிட்ட எண்ணும் ஒத்துப்போனதால் முறையில் நம்பிக்கை வந்தது. அப்போது கைபேசி காட்டிய வெளிச்சம் 420 லக்ஸ்.

இரண்டு பல்பு, ஒரே வரிசை

எலக்ட்ரீஷியன் சொன்ன விடையைச் சோதிக்கப் பழைய காலத்து மின்தடை ரெகுலேட்டர் ஒன்று தேவைப்பட்டது. சுருள் கம்பி அடைத்த அந்தப் பெரிய பெட்டிகள் மின்விசிறிகளுக்கு இருந்ததை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேடை நாடகங்களில் உப்புநீர்க் குழாய்க்குள் உலோகத் தகட்டை ஏற்றி இறக்கி விளக்கை மங்க வைத்ததும் இதே தத்துவம்தான். விளக்குக்குப் போகும் பாதையில் ஒரு மின்தடையை வைத்தால் அழுத்தத்தின் ஒரு பகுதியை அது தாங்கிக்கொண்டு சூடாகும். மீதிதான் விளக்கைச் சேரும்.

அந்தப் பெட்டி கிடைக்காததால் எலக்ட்ரீஷியன்கள் பழுது பார்க்கப் பயன்படுத்தும் சீரியஸ் போர்டின் வழியைப் பின்பற்றினேன். ஒரே வகையான இரண்டு 60 வாட் பல்புகளைத் தொடராக இணைத்துவிட்டால், ஒன்று விளக்காகவும் மற்றொன்று அதன் மின்தடையாகவும் வேலை செய்யும். இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் சரிபாதியாக 115 வோல்ட் கிடைக்கும். தடையாக வேலை செய்யும் பல்பை ஒரு வாளிக்குள் இறக்கி மூடிவிட்டு, மற்றதன் வெளிச்சத்தை மட்டும் அளந்தேன்.

பள்ளியில் படித்த ஓம் விதியை நேரடியாகப் போட்டால் இந்த இணைப்பு மொத்தமாக 30 வாட் எடுக்க வேண்டும். தடை இரட்டிப்பானால் மின்னோட்டம் பாதியாகும், திறனும் பாதியாகும். மீட்டர் காட்டியதோ வேறு. பத்து இடைவெளிகளுக்கு 282 விநாடிகள், அதாவது கிட்டத்தட்ட 40 வாட். வேறுபாட்டுக்குக் காரணம் டங்ஸ்டன் இழை. மல்டிமீட்டரில் அணைந்திருக்கும் பல்பின் தடையைப் பார்த்தால் 60 ஓம் சொச்சம்தான் இருக்கிறது; முழு வெளிச்சத்தில் எரியும்போது அதே இழையின் தடை 880 ஓமைத் தாண்டுகிறது. சூடு குறைந்தால் தடையும் குறையும் என்பதால், பாதி அழுத்தத்தில் எரியும் பல்பு நாம் எதிர்பார்ப்பதை விட அதிக மின்னோட்டத்தை விழுங்குகிறது. குண்டு பல்பின் திறன் அழுத்தத்தின் இரண்டாம் படியாக மாறாமல் ஏறத்தாழ 1.6ஆம் படியாக மாறும் என்று விளக்குப் பொறியியலில் வைத்திருக்கும் கணக்கு இதைத்தான் சொல்கிறது. அதன்படி ஒவ்வொரு பல்புக்கும் 20 வாட், இரண்டுக்கும் சேர்த்து 40.

வெளிச்சத்தின் கதைதான் இன்னும் மோசம். வாளிக்கு வெளியே இருந்த பல்பு தந்தது 40 லக்ஸ். முழு வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. வெளிச்சம் அழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் படியாக மாறும் என்ற கணக்கும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. இழையின் சூடு குறையக் குறைய அது வெளியிடும் ஆற்றலில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் பங்கு கூடிக்கொண்டே போவதுதான் காரணம். பல்பு சிவந்து தெரிவதும் அதனால்தான்.

எலக்ட்ரீஷியனின் விடையில் பாதி உண்மை இருக்கிறது என்பது இங்கே தெரிந்தது. மின்தடை வகையில் பாதி மின்சாரம் சூடாக வீணாகிறது என்பது சரி. ஆனால் "மீட்டர் அதேதான் ஓடும்" என்பது சரியில்லை. 60 வாட் ஓடிய இடத்தில் 40 தான் ஓடியது. வெளிச்சம் பத்தில் ஒன்றாக விழுந்தும் மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே குறைந்ததைக் கண்டவர்கள், குறையவே இல்லை என்று சொல்லத் தொடங்கியிருக்கலாம்.

டிம்மரைப் பிரித்தபோது

அடுத்து, ஸ்விட்ச் போர்டில் பொருத்தும் சாதாரண 400 வாட் டிம்மர். பொருத்துவதற்கு முன் அதன் முதுகுப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே மின்தடைச் சுருள் எதுவும் இல்லை. அலுமினியத் தகட்டில் திருகிய ஒரு ட்ரையாக் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் குறைக்கடத்தி ஸ்விட்ச்), அதைத் தூண்டிவிடும் மிளகளவே உள்ள ஒரு டயாக், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், குமிழுடன் இணைந்த மாறு மின்தடை, வானொலிக் கரகரப்பைத் தடுக்க ஒரு சிறு கம்பிச் சுருள், இவ்வளவுதான். மாறு மின்தடை ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் பல்புக்குப் போகும் மின்னோட்டம் அதன் வழியாகப் போவதில்லை. கெப்பாசிட்டரை எவ்வளவு மெதுவாக நிரப்ப வேண்டும் என்று தீர்மானிப்பது மட்டுமே அதன் வேலை.

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகள், அதாவது 100 அரைச் சுற்றுகள். ஒவ்வோர் அரைச் சுற்றும் 10 மில்லி விநாடி நீடிக்கும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ட்ரையாக் மூடியிருக்கிறது. கெப்பாசிட்டர் நிரம்பி 30 வோல்ட் சொச்சத்தைத் தொட்டவுடன் டயாக் திறந்து ட்ரையாக்கைத் தட்டிவிடுகிறது. அந்த அரைச் சுற்றின் மீதிப் பகுதி முழுவதும் விளக்குக்குப் போகிறது. சுற்றின் முடிவில் மின்னோட்டம் சுழியாகும்போது ட்ரையாக் தானாக மூடிக்கொள்கிறது. குமிழைத் திருப்பும்போது இந்தத் திறக்கும் நேரம்தான் முன்னும் பின்னும் நகர்கிறது. மூடியிருக்கும்போது மின்னோட்டமே இல்லை. திறந்திருக்கும்போது ட்ரையாக்கின் குறுக்கே நிற்பது ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல். இரண்டு நிலையிலும் வீணாவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. 60 வாட் பல்புக்கு இந்த இழப்பு அரை வாட்டுக்கும் குறைவு. 400 வாட் சுமையைப் போட்டால் இரண்டு வாட்டைத் தொடும். அலுமினியத் தகடு அதற்காகத்தான். அமெரிக்காவில் ஜோயல் ஸ்பைரா 1959இல் வீட்டுச் சுவரின் ஸ்விட்ச் பெட்டிக்குள் அடங்கும் குறைக்கடத்தி டிம்மரை உருவாக்க முடிந்தது இந்தச் சூடு இல்லாததால்தான். அதற்கு முந்தைய டிம்மர்கள் நாடக அரங்கின் மூலையை அடைத்துக்கொண்டு நின்றவை.

பொருத்துவது எளிது. டிம்மருக்கு இரண்டே முனைகள். ஸ்விட்சிலிருந்து விளக்குக்குப் போகும் பேஸ் கம்பியை இடையில் வெட்டி இரண்டு முனைகளையும் அதில் இணைத்தால் போதும், நியூட்ரல் தேவையில்லை. எம்சிபியை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்துகொண்ட பிறகே கம்பியைத் தொட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. வயரிங் பழக்கமில்லாதவர்கள் இதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடலாம்.

இப்போது முதன்மையான சோதனை. குமிழை மெல்லத் திருப்பி, வாளிச் சோதனையில் கிடைத்த அதே 40 லக்ஸ் வரும் இடத்தில் நிறுத்தினேன். இழையின் நிறமும் அதே செம்மஞ்சள். மீட்டருக்குப் போய் அளந்தால் ஐந்து இடைவெளிகளுக்கு 274 விநாடிகள், அதாவது 20 வாட்டுக்குச் சற்று மேல். அதே பல்பு, அதே வெளிச்சம். மின்தடை வழியில் 40 வாட் ஆனது, ட்ரையாக் வழியில் பாதியாகிவிட்டது. இந்த நிலையில் ட்ரையாக் ஒவ்வோர் அரைச் சுற்றிலும் முதல் 6 மில்லி விநாடிகளுக்கு மேல் மூடியே இருக்கிறது.

இந்த இடத்தில் அளவீட்டில் ஒரு பொறி இருக்கிறது. டிம்மர் எதையும் மிச்சப்படுத்தாது என்று கருவியோடு வந்து வாதிடுபவர்கள் பெரும்பாலும் இதில் விழுந்தவர்கள். 20 வாட்டில் எரியும் பல்பின் மின்னோட்டம் 0.17 ஆம்பியரைச் சற்றுத் தாண்டும். அதை வீட்டு மின்னழுத்தமான 230ஆல் பெருக்கினால் 40 வருகிறது. மின்தடை வழிக்கு வந்த அதே எண். ஆனால் பெருக்கி வந்த 40 வாட் கணக்கில் வராது, வோல்ட் ஆம்பியர் கணக்கில்தான் வரும். மின்னோட்டம் சுற்றின் ஒரு பகுதியில் மட்டுமே ஓடுவதால் பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட் ஆம்பியரில் உண்மையான வாட்டின் பங்கு, 0.5 ஆகிவிடுகிறது. வீட்டு மீட்டர் ஒவ்வொரு கணமும் அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிக் கூட்டுவதால் உண்மையான 20 வாட்டை மட்டுமே பதிகிறது. நாம் பணம் கட்டுவதும் அதற்குத்தான். இதோடு, கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் மலிவான கிளாம்ப் மீட்டர்கள் சீரான சைன் அலையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நறுக்கப்பட்ட அலையில் அவை காட்டும் எண்ணே பிழையானது. டிம்மரை அளக்க விரும்புபவர், நறுக்கிய அலையையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் என்று குறித்த கருவியை நாட வேண்டும், அல்லது என்னைப் போல வாசலில் இருக்கும் மீட்டரின் சிமிட்டலை எண்ண வேண்டும்.

பிறகு குமிழை வெவ்வேறு இடங்களில் நிறுத்தி அளந்தேன். முழுவதும் திறந்து வைத்தபோதே 58 வாட்தான் வந்தது. டயாக் திறப்பதற்கு முன் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நேரம் போய்விடுகிறது. வெளிச்சம் சரிபாதியாக, 210 லக்ஸாக நின்றபோது மின்சாரம் 43 வாட். கால் பங்கு வெளிச்சத்துக்கு 31 வாட்டை ஒட்டி. குமிழை அடிவரை திருப்பி, இழை வெறும் செந்நிறக் கோடாகத் தெரிந்த நிலையில் 9 லக்ஸ் வெளிச்சத்துக்கு 10 வாட். அதாவது ஐம்பதில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு ஆறில் ஒரு பங்கு மின்சாரம்.

மிச்சம் உண்மைதான், ஆனால் வெளிச்சத்தை இழக்கும் வேகத்தில் அது வருவதில்லை. பலர் இதை உணராமல் போவதற்குக் கண்ணும் ஒரு காரணம். அளவுகருவியில் வெளிச்சம் கால் பங்காகும்போது கண்ணுக்கு அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாகவே தோன்றும். கால் பங்கு வெளிச்சத்துக்குப் பாதி மின்சாரம் ஆகிறது என்பதால், பாதி மங்கலுக்குப் பாதிச் செலவு என்ற நம்பிக்கை கண்ணளவில் சரியாகவே அமைந்துவிடுகிறது! குமிழைப் பார்த்துச் சொன்னவர்கள் தற்செயலாக வென்றிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரவு விளக்குக்காகப் பெரிய பல்பை அடிவரை மங்க வைக்கும் வழக்கமும் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. பழைய ஜீரோ வாட் பல்பு, பெயருக்கு மாறாக 15 வாட் அளவுக்கு எடுத்தது என்பதைப் பலர் அறிவார்கள். மங்கிய 60 வாட் பல்பும் அதை விடப் பெரிதாகச் சிக்கனமில்லை. அரை வாட் எல்இடி இரவு விளக்கு இரண்டையும் வென்றுவிடும்.

குண்டு பல்புக்கு டிம்மர் செய்யும் ஒரு நன்மையை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே இழையின் ஆயுள் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆயிரம் மணி நேரம் எரியும் பல்பு பல வருடங்கள் நிற்கும். ஆனால் தன் ஆயுள் முழுவதும் அது தின்னும் மின்சாரத்தின் விலையோடு ஒப்பிட்டால் பல்பின் விலை சிறியது. பல்பைக் காப்பாற்றுவதற்காக மின்சாரத்தைச் செலவழிப்பது கணக்குக்கு ஒத்துவராது.

எல்இடிக்கு வந்தபோது

கூடத்தில் உண்மையில் எரியப்போவது எல்இடி. மலிவு விலையில் எல்இடி பல்பு வழங்க மத்திய அரசு 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்துக்குப் பிறகு நாடு முழுவதும் 9 வாட் பல்பு வீட்டுப் பொருளாகிவிட்டது. அதில் எங்கள் வீட்டில் இருந்த சாதாரணப் பல்பு ஒன்றை முதலில் டிம்மரில் போட்டுப் பார்த்தேன். குமிழைக் கணிசமாகத் திருப்பும் வரை வெளிச்சத்தில் மாற்றமே தெரியவில்லை. மீட்டரின் சிமிட்டலிலும் தெரியவில்லை. அழுத்தம் குறைந்தாலும் எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தை நிலையாக வைத்திருப்பதுதான் அந்தப் பல்புக்குள் இருக்கும் டிரைவரின் வேலை என்பதால் அது தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. மேலும் திருப்பியபோது படபடவென்று துடித்து, ரீங்காரமிட்டு, அணைந்தது. அரைச் சுற்றின் நடுவில் அழுத்தம் திடீரென்று எகிறும்போது உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர் ஒரே மூச்சில் மின்னோட்டத்தை இழுக்கிறது. அதையே வழக்கமாக வைத்துக்கொண்டால் பல்பு சீக்கிரம் போய்விடும். சோதனையை உடனே நிறுத்திவிட்டேன். சிஎஃப்எல் விளக்குகளையும் சோக்கு வைத்த டியூப் லைட்டையும் சாதாரண டிம்மரில் போடவே கூடாது.

டிம்மருக்கு ஏற்றது என்று அட்டையில் அச்சிட்ட 9 வாட் பல்புகள் தனியாகக் கிடைக்கின்றன. நான்கு வாங்கினேன், சாதாரணப் பல்பின் விலையைப் போல இரு மடங்குக்கும் மேல். அவற்றில் ஒன்றை மட்டும் பழைய 400 வாட் டிம்மரில் போட்டபோது குமிழின் பாதித் தூரத்துக்கு மேல் வெளிச்சம் நிலைகொள்ளவில்லை. இது பல்பின் குறை என்று சொல்ல முடியாது. ட்ரையாக் திறந்த நிலையில் நீடிக்க ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் வேண்டும். குண்டு பல்புக்காகச் செய்த டிம்மர்களில் பெரும்பாலானவை 40 வாட்டுக்குக் குறையாத சுமையை எதிர்பார்க்கின்றன. இணைப்பில் ஒரு குண்டு பல்பையும் சேர்த்துவிட்டால் துடிப்பு நின்றுவிடும் என்று ஓர் ஆலோசனை சொல்வார்கள். துடிப்பு நிற்கும் என்பது உண்மை. ஒன்பது வாட்டை மங்க வைப்பதற்காக அறுபது வாட்டை எரிப்பது எந்தச் சிக்கனத்தில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை.

எனவே எல்இடிக்கென்றே வரும் டிம்மரை வாங்கினேன். அது அரைச் சுற்றின் முன்பகுதியைத் திறந்து வைத்துப் பின்பகுதியை நறுக்கும் வகை. அழுத்தம் சுழியிலிருந்து மெல்ல ஏறுவதால் கெப்பாசிட்டருக்கு அதிர்ச்சி இல்லை, ரீங்காரமும் இல்லை. நான்கு பல்புகளையும் சேர்த்து அளந்தபோது முழு வெளிச்சத்தில் 36 வாட், அதாவது இரு சிமிட்டல்களுக்கு இடையே 31 விநாடி. வெளிச்சத்தைச் சரிபாதியாக்கினால் 19 வாட். கால் பங்குக்கு 11 வாட். எல்இடியைக் குறைந்த மின்னோட்டத்தில் இயக்கினால் அதன் திறமை குறைவதில்லை, சற்றுக் கூடவே செய்யும். இங்கே சிறிது ஒட்டிக்கொண்டிருக்கும் அதிகச் செலவு டிரைவரும் டிம்மரும் தங்களுக்கென்று எடுத்துக்கொள்வது. குண்டு பல்பு கால் பங்கு வெளிச்சத்துக்குப் பாதி மின்சாரம் கேட்டது. எல்இடி ஏறத்தாழ முப்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டது. டிம்மர் உண்மையாகவே மிச்சப்படுத்தும் விளக்கு எல்இடிதான் என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை.

ரூபாய்க் கணக்கு

ஐயமில்லாத அந்த மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால்தான் உற்சாகம் குறைகிறது. கூடத்தில் நாளுக்கு ஐந்து மணி நேரம் விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு பல்புகளும் இரண்டு மாதக் கட்டணக் காலத்தில் 10.8 யூனிட் எடுக்கும். எப்போதும் பாதி வெளிச்சத்தில் வைத்திருந்தால் 5.7 யூனிட். மிச்சம் ஐந்து யூனிட். யூனிட்டுக்குத் தோராயமாக ஐந்து ரூபாய் என்று போட்டால் 25 ரூபாய். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டுகளுக்குள் அடங்கும் வீட்டுக்கு அதுவும் இல்லை. 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டில் மட்டும் ஐந்து யூனிட்டுக்கு மதிப்பு உண்டு. அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளுக்கான விகிதமே மாறிவிடுகிறது. கொடுத்த விலையை மிச்சத்தால் ஈட்ட வேண்டும் என்று காத்திருந்தால் டிம்மரின் ஆயுளே முடிந்துவிடக்கூடும்.

இதையே பல்பு மாற்றுவதோடு ஒப்பிட்டால் எங்கே கவனம் வைக்க வேண்டும் என்பது விளங்கும். அதே ஐந்து மணி நேரக் கணக்கில் ஒரு 60 வாட் குண்டு பல்பு இரண்டு மாதத்துக்கு 18 யூனிட் எடுக்கும். டிம்மரால் அதைக் கால் பங்கு வெளிச்சத்துக்குக் குறைத்தாலும் ஒன்பது யூனிட்டுக்கு மேல் போகும். ஒரு 9 வாட் எல்இடி, குண்டு பல்பின் முழு வெளிச்சத்தையும் கொடுத்துக்கொண்டே 2.7 யூனிட்டில் முடித்துவிடும். எந்த வீட்டிலாவது குண்டு பல்பு டிம்மரோடு இன்னும் எரிந்துகொண்டிருந்தால் அங்கே மாற்ற வேண்டியது பல்பைத்தான்.

ரிமோட்டிலும் கைபேசியிலும் இயங்கும் டிம்மர்களை வாங்க நினைப்பவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். கட்டளைக்காகக் காத்திருக்க அவற்றுக்குள் ஒரு சிறு சுற்று நாள் முழுவதும் விழித்திருக்கிறது. அது அரை வாட் என்று வைத்தாலும் வருடத்துக்கு 4.4 யூனிட். ஒரே ஒரு 9 வாட் பல்பைப் பாதியாக மங்க வைத்து வருடத்தில் மிச்சமாவது எட்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதிக்கு மேல் காவலாளிக்கே கூலியாகப் போய்விடும். பழைய குமிழ் டிம்மர் அடியில் 'டக்' என்று முழுவதும் அணைந்துவிடுகிறது என்பதால் இந்தச் செலவு அதில் கிடையாது.

எண்களில் வராத ஒன்றையும் கவனித்தேன். டிம்மர் இருக்கிறதே, வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் தேவைக்கு மேல் வாட் உள்ள விளக்குகளை வாங்கும் ஆசை வருகிறது. கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். ஆறு விளக்கு வைத்துவிட்டு டிம்மரில் குறைத்துக்கொள்ளுங்கள் என்று. நான்கு முழு வெளிச்சத்தில் எரியும் இடத்தில் ஆறு எரிந்தால், குறைப்பதே மறந்துபோகும் நாட்களில் மிச்சம் நஷ்டமாக மாறும்.

அளவீடுகள் எல்லாம் கையில் வந்த பிறகு கூடத்தின் வயரிங்கை இப்படி முடித்தேன். நான்கு விளக்குகளை ஒரே இணைப்பாக வைக்காமல் இரண்டிரண்டாகப் பிரித்து இரண்டு ஸ்விட்சுகளில் கொடுத்தேன். இரண்டை அணைத்தால் செலவு அப்படியே 18 வாட்டாகிவிடுகிறது. டிம்மர் 19 வாட்டில் செய்ததை ஒரு சாதாரண ஸ்விட்ச் அதை விடக் குறைவாகவே செய்துவிடுகிறது. எல்இடி டிம்மரைத் தொலைக்காட்சிப் பக்கம் உள்ள இரண்டு விளக்குகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். படம் பார்க்கும்போது கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பதே அதற்கான காரணம், கட்டணம் குறைவது அதோடு வரும் உபரி. இரண்டு பல்புகளோடும் அந்த டிம்மர் துடிப்பில்லாமல் வேலை செய்கிறதா என்று ஏறக்குறைய அடிவரை திருப்பிப் பார்த்துவிட்டேன். பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்துக்குக் கீழே போகும்போதுதான் லேசாகத் தடுமாறுகிறது. குமிழ் அந்த இடத்துக்குக் கீழே இறங்காதபடி டிம்மரின் பக்கவாட்டில் இருக்கும் சிறு திருகைத் திருப்பிக் கீழ் எல்லையை நிர்ணயித்துவிட்டேன். எல்இடிக்கான டிம்மர்கள் பலவற்றில் இந்தத் திருகு இருக்கிறது, சுவரில் பொருத்துவதற்கு முன்பே அதைச் சரி செய்துகொண்டால் மறுபடி பலகையைக் கழற்ற வேண்டியதில்லை.